அறுபத்தொரு நாளும் ஓர் உறைக்கிணறும்

(தங்கச்சிமடம் பக்கத்துக் கடற்கரைப் பங்கு ஒன்றில், கோடைக்கு முன் கூடிய அன்பியக் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு) கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, பெரியவர்களே, அன்பியத் தாய்மாரே, வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. 61 நாள். கடலுக்கு ஓய்வு, சரி. வீட்டுக்கு? ஆம்பளைகள் கரையில். பிள்ளைகளுக்கு விடுமுறை. வெளியூர்ச் சொந்தம் திண்ணையில். மே மாதம் முழுக்க மாதா வணக்கம், பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கத் தயாராகும் புதுநன்மை வகுப்பு, ஏதாவது ஒரு தெருவில் கெபித் (குகை வடிவச் சிறு கோயில்) திருவிழா. மல்லிகை அள்ளிப் பூக்கிற காலமும் இதுதான். இத்தனைக்கும் தண்ணீர் கொடுப்பது கொல்லையில் இருக்கிற ஒரே உறைக்கிணறு. அதனால் கோடைத் திட்டத்தைக் காலண்டரில் தொடங்காதீர்கள், கிணற்றில் தொடங்குங்கள்.

நம் மணலுக்கடியில் நல்ல தண்ணீர் ஊற்றாக எங்கிருந்தோ ஓடி வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை மணலில் இறங்கி, அடியில் புகுந்து நிற்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. ரசத்தின் மேல் நெய் மிதக்கிறதே, அப்படி. ஆனால் நெய்யைக் கலக்கிவிட்டாலும் திரும்ப மேலே வந்துவிடும். இது ஒருதரம் கலந்தால் பிரியாது.

மிதப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 40 குடம் கடல்நீரின் எடை 41 குடம் நல்ல தண்ணீரின் எடை. ஆகவே கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், மட்டத்துக்குக் கீழே கணக்குப்படி 40 அடி நிற்கும். இதைத் திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு மேலே ஓர் அடியை இறைத்து, அப்படியே இறங்கிக் கிடக்க விட்டால், அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். உடனே ஏறாது, மெல்ல ஏறும். அதனால்தான் பங்குனியில் இனித்த கிணறு வைகாசியில் உவர்க்கிறது. பழி வெயிலின் மேல் போகிறது. பெரும்பாலும் குற்றம் மோட்டாரின் மேல்தான்.

என்ன செய்யலாம்? ஃபுட் வால்வை, அதாவது உறிஞ்சுகுழாயின் அடிமுனை வால்வை, கிணற்றுத் தரையைத் தொடுகிற மாதிரி இறக்காதீர்கள். நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டடி போதும். தண்ணீர் வால்வுக்குக் கீழே போனால் மோட்டார் காற்றை இழுக்கும். சத்தம் மாறுவதைக் கேட்டவுடன் நிறுத்துங்கள், வெறுமனே ஓடினால் சீல் போய்விடும். காலையில் 15 நிமிடம், சாயங்காலம் 15 நிமிடம். ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு மட்டத்தைப் பாருங்கள். ஒரு சாண் இறங்கினால் அந்த வேளைக்கு அதோடு நிறுத்தம். கிணறு உவர்த்துவிட்டதென்று ஆழப்படுத்துகிறவர்களைப் பார்க்கிறோம். அது உப்பைத் தேடிப் போய்ச் சந்திப்பது. இன்னும் தண்ணீர் வேண்டுமானால் இருபதடி தள்ளி ஆழமில்லாத இன்னொரு கிணறு தோண்டி, இரண்டையும் மாற்றி மாற்றி இறையுங்கள்.

உவர்ப்பு நாக்குக்குத் தெரியும் முன்பே அடுப்படிக்குத் தெரிந்துவிடும். சோப்பு நுரைக்காது, துவரம்பருப்பு வேகாது. அப்போது சோடா உப்பைப் போடாதீர்கள், பருப்பின் சத்து போய்விடும். பருப்புக்கும் குடிக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீரை ஒதுக்குங்கள். பாத்திரத்துக்கும் துணிக்கும் கிணறு இருக்கட்டும்.

கூட்டம் சேரும் வீட்டில் இன்னொரு தொல்லை கக்கூஸ் குழி. கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே 50 அடியாவது இருக்க வேண்டும். மணல் எதையும் வடிகட்டித் தரும் என்று நம்பாதீர்கள், நம் மணல் சல்லடை மாதிரி. சந்தேகம் இருந்தால் பிளீச்சிங் பவுடர் போடுங்கள். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம். மூன்றடி அகல உறையில் நாலடி தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 800 லிட்டர், அதற்கு 2 கிராம், அதாவது அரைத் தேக்கரண்டிக்குப் பக்கம். வாளித் தண்ணீரில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிவை மட்டும் கிணற்றில் ஊற்றி வாளியால் நாலைந்து தரம் கலக்குங்கள். ராத்திரி ஊற்றினால் காலையில் இறைக்கலாம். பழைய பவுடர் வீரியம் இழந்திருக்கும். மூக்கைத் துளைக்காத பவுடரால் பயனில்லை.

இனி தோட்டம். மல்லிகை நாற்றுக்குத் தங்கச்சிமடம் பேர்போன ஊர், உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கோடையில் தவறுவதை மட்டும் சொல்கிறேன். தென்னை உப்பைத் தாங்கும், மல்லிகை தாங்காது. குளித்த தண்ணீரும் உவர்த் தண்ணீரும் தென்னைக்குப் போகட்டும். மல்லிகைக்கு நல்ல தண்ணீர், அதுவும் ஒரே நாளில் ஒரு குடம் கொட்டாமல், ஒன்றுவிட்ட நாள் அரைக்குடம். மணல் பிடித்து வைக்காது, மிச்சம் வேரைத் தாண்டி இறங்கிவிடும். தூரைச் சுற்றித் தேங்காய் மட்டை பரப்பினால் ஈரம் நிற்கும். கடற்கரையில் ஒதுங்கும் பாசியை அள்ளி அப்படியே போடாதீர்கள். ஒரு மழைக்காலம் வெளியில் கிடந்து உப்புக் கழுவப்பட்ட பின்தான் அது உரம்.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது தண்ணீர்க் குறை அல்ல, இரும்புச் சத்துக் குறை. கிளிஞ்சல் கலந்த சுண்ணாம்பு மண்ணில் இது சகஜம். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் சாய்ந்த பின் இலையில் தெளியுங்கள். இலையடியில் நூலாம்படையும் சிவப்புப் புள்ளியும் தெரிந்தால் செம்பேன். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். அதை உச்சி வெயிலில் அடித்தால் பேனோடு இலையும் கருகும். மொட்டு துளைபட்டு ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால் மொட்டுப்புழு, அந்தக் கொத்தைக் கிள்ளி எரித்துவிடுங்கள்.

மாதா சுரூபத்துக்குப் பூவை விடியுமுன் பறியுங்கள். நன்றாகப் பருத்து வெளுத்த, ஆனால் வாய் திறக்காத மொட்டு. அது அந்தி ஜெபமாலை நேரத்துக்குத் தானாக விரியும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் வியர்த்துப் பழுத்துவிடும். ஈரத் துணி விரித்த ஓலைப்பெட்டி போதும். கட்டுவதற்கு ஊறவைத்த வாழைநார் நல்லது. நூல் மொட்டின் கழுத்தை அறுக்கும்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு வெட்டும் பனையோலைக்கும் ஒரு வார்த்தை. பனை மாதத்துக்கு ஓர் ஓலைதான் விடும். ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் எடுக்காதீர்கள், பதநீர் இறக்கும் மரத்தைத் தொடவே வேண்டாம். முந்தின நாள் வெட்டி, நனைந்த சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் சிலுவை மடிக்கும்போது ஒடியாது. அந்த ஓலையை வீட்டில் பத்திரப்படுத்திக் கோயிலுக்குத் திருப்பிக் கொடுங்கள், அடுத்த விபூதிப் புதனுக்குச் சாம்பல் அதிலிருந்துதான். அதை இடுகிறவர்கள் தண்ணீர் விட்டுக் குழைக்கக்கூடாது. சாம்பலும் தண்ணீரும் சேர்ந்தால் காரம், நெற்றி புண்ணாகும். துணியில் சலித்து உலர்ந்ததாகவே இடலாம்.

மாதா சுரூபம் வீடு வீடாக வரும் நாளில் கூல்டிரிங்ஸ் பாட்டில் வாங்கி அடுக்கும் பழக்கம் வந்துவிட்டது. சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைக்கிற ஜில்லாவில் இது எனக்கு ஒப்பவில்லை. பானகத்துக்குப் பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ கருப்பட்டி, பத்து எலுமிச்சை, சுக்கு 20 கிராம், ஏலம் 10 கிராம். கருப்பட்டியைத் தனியே கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள், அடியில் மணலும் சுண்ணாம்பும் தங்கும். நன்றாக ஆறிய பின்பே எலுமிச்சை. சூட்டில் பிழிந்தால் கசக்கும். சின்னத் தம்ளருக்கு அறுபது பேருக்கு வரும். பதநீர் கொடுப்பதானால் காலையில் இறக்கியதைக் காலையிலேயே கொடுத்து முடியுங்கள். கலயத்தில் சுண்ணாம்பு குறைந்திருந்தால் மத்தியானத்துக்குள் நுரைத்துக் கள்ளாகிவிடும். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சாமான், முதலில் பெரியவர் ஒருவர் வாயில் வைத்துப் பார்க்கட்டும்.

அசனத்தில், அதாவது திருவிழாப் பொது விருந்தில், நூறு பேருக்கு அரிசி 12 கிலோ. தண்ணீர் சமையலுக்கும் குடிக்கவும் கழுவவும் 300 லிட்டருக்குக் குறையாது. அதை அன்று காலையில் ஒரே இறைப்பில் எடுக்காமல் இரண்டு நாள் முன்பிருந்து சின்டெக்ஸில் சேருங்கள். தட்டுக்குப் பதில் வாழையிலை போட்டால் கழுவுகிற தண்ணீர் மிச்சம். வடித்த சோற்றை அண்டாவில் அமுக்கி மூடாதீர்கள். நடுச்சூடு ஆறாமல் மணிக்கணக்கில் நின்று சோறு கெடும், வயிற்றுப்போக்கு அங்கேதான் பிறக்கிறது. ஓலைப்பாயில் வெள்ளைத் துணி விரித்துப் பரப்புங்கள்.

புதுநன்மை வகுப்பை, வெயில் ஏறுமுன், காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்கு முடித்துவிடலாம்.

கருவாடு இந்த நாட்களில் கை கொடுக்கும். வள்ளத்து (விசைப்படகு அல்லாத சிறு படகு) மீன் மலிவாக வரும் அன்று, நாலு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு. முள்ளோரத்து ரத்தத்தைச் சுத்தமாக எடுங்கள், நாற்றம் அங்கிருந்துதான். முதல் நாளே கொதிக்கும் வெயிலில் போட்டால் மேல்தோல் வெந்து இறுகி உள்ளே ஈரம் அடைபடும். முதல் நாள் நிழல் காற்று, மறுநாள் வெயில். மணலில் அல்ல, பந்தல் போட்டு அதன் மேல்.

வைகாசி முடியும் வேளையில் கச்சான் காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, பலமாகும். தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் விரிகுடா) அடங்கிக் கிடக்கும். மல்லிகைப் பாத்திக்கு மேற்கே ஓலைத் தட்டி கட்டாதவர்கள் அப்போது கட்டுங்கள், காற்றோடு வரும் மணல் மொட்டைத் தேய்க்கும்.

ஜூன் 13 அந்தோணியார் திருநாள். மறுநாள் நள்ளிரவோடு தடைக்காலம் முடியும். அந்த வாரம் வீட்டு வேலையோடு படகு வேலையும் கிணற்றில் விழும். படகுக்கான குடிதண்ணீர்க் கேன்களைக் கடைசி ராத்திரி வரிசையாக நிரப்பினால், அசனத்துக்கு இறைத்துக் களைத்த கிணறு அன்றே உவர்க்கும். 11-ஆம் தேதியிலிருந்து வேளைக்கு இரண்டு கேனாக நிரப்புங்கள். மூடியை இறுக்கி, கேனை வெயிலில் வைக்காமல், பச்சை ஏறாதபடி சாக்குப் போட்டு மூடி வையுங்கள்.