மலையில் பெய்யும் மழையை அடிவாரத்துக்காக அளப்பது எப்படி

நேயர்களுக்கு வணக்கம்.

சேர்வராயன் மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சிதான். ஊரில் ஒரு தூறல்கூட இருக்காது. ஓடையில் மட்டும் செம்மண் கலங்கலாகத் தண்ணீர் இறங்கி வரும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே விழுந்த மழை வழியில் நின்று நிதானித்து வர இடமே இல்லை. கன்னங்குறிச்சிப் பக்கம் இறங்கினால் புது ஏரி, மூக்கனேரி, அப்புறம் திருமணிமுத்தாறு. ஓமலூர்ப் பக்கம் இறங்கினால் சரபங்கா ஆறு. அதனால் நம் ஊர் வானத்தைப் பார்த்து வெள்ளத்தைக் கணிக்க முடியாது. மலையில் எவ்வளவு பெய்தது என்பதுதான் கேள்வி.

வானிலை மையம் ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டர் பெய்தால் கனமழை என்கிறது. 115.6 தொட்டால் மிகக் கனமழை, 204.5 தொட்டால் அதிகனமழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். அந்தக் கணக்கில் 100 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு ஏக்கரில் மட்டும் 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 33 நடை! மலைச்சரிவில் எத்தனை ஏக்கர் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எச்சரிக்கை மாவட்டத்துக்கு மொத்தமாக வருவது. உங்கள் ஓடைக்கென்று தனியாக வராது. அதனால்தான் மலைக்கிராமம் ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டிலாவது மழையை அளக்க வேண்டும் என்று விடாமல் சொல்கிறேன். செலவே இல்லை. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று போதும், பக்கவாட்டு நேராக இருக்க வேண்டும். கழுத்துக்குக் கீழே, நேர்ப்பகுதி தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல்பகுதியைத் தலைகீழாக உள்ளே செருகினால் அதுவே புனல். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, கல் மூழ்கி நேர்ப்பகுதி வரும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்ஜியம் என்று கோடு போடுங்கள். அதிலிருந்து மேலே ஸ்கேலை ஒட்டுங்கள். ஒரு சென்டிமீட்டர் ஏறினால் 10 மில்லிமீட்டர் மழை. பக்கெட் வேண்டாம், அதன் வாய் அகலம், அடி குறுகல், அளவு கூடுதலாகக் காட்டும். மரத்தடியிலோ கூரையோரத்திலோ வைக்காதீர்கள். தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி, சாயாமல் கட்டிவையுங்கள்.

தினமும் காலை 8.30-க்குக் குறித்துவிட்டு மீண்டும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். கனமழை நேரத்தில் மட்டும் மணிக்கொரு முறை பார்க்க வேண்டும். நாள் முழுக்கப் பெய்த 50 மில்லிமீட்டர் வேறு, ஒரே மணியில் கொட்டிய 50 வேறு. இரண்டு நாள் மழையில் மண் ஊறிவிட்டால், மூன்றாம் நாள் அதில் பாதி பெய்தாலே ஓடை பெருகும். அளந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. கீழ் ஊருக்கு உடனே போன் போட வேண்டும். திரும்பச் சொல்கிறேன், அளப்பது மேலே, பயன் கீழே.

புயல் கரையைக் கடந்துவிட்டது, இனி பயமில்லை என்பார்கள். 2024-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகுதான், மலைக்கு அந்தப் பக்கம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது.

ஓடையில் கவனிக்க வேண்டியது ஒன்று. மழை விடாமல் பெய்யும்போது தண்ணீர் திடீரென்று குறைந்தால் நிம்மதிப்படாதீர்கள். மேலே ஏதோ சிறுபாலத்தில் மூங்கிலும் மரக்கிளையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டிருக்கலாம். அடைப்பு உடைந்தால் தேங்கியது மொத்தமும் ஒரே மூச்சில் வரும். உடனே மேட்டுக்குப் போய்விடுங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள், மீதியைச் சுருக்கிவிடுகிறேன். தரைப்பாலத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஓடினால் கடக்காதீர்கள். அரையடி வேகநீர் ஆளைச் சாய்க்கும், ஓரடி நீர் சின்னக் காரையே நகர்த்தும். கலங்கிய நீரில் பாலம் அரித்துப்போனது கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி மழை வலுத்தால் ஓடையோரக் கொட்டகையில் மாட்டைக் கட்டிவைக்காதீர்கள், கயிற்றை அவிழ்த்து மேட்டில் விடுங்கள். ஏரிக்கரையில் கசிவு கண்டால், அதுவும் கலங்கலாகக் கசிந்தால், மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் சொல்லுங்கள். வணக்கம்.