பெரியப்பாவின் கிட்டாரும் பழைய வண்ணாரப்பேட்டைக் காயிலும்

வணக்கம் நண்பர்களே. என் மடியில் இருப்பது 1960களில் ஜப்பானில் செய்யப்பட்ட டெய்ஸ்கோ எலக்ட்ரிக் கிட்டார். மெல்லிசைக் குழுவில் வாசித்த என் பெரியப்பா கல்யாணக் கச்சேரிகளுக்கெல்லாம் தூக்கிச் சென்ற இது, பிறகு காசிமேட்டு வீட்டுப் பரணில் முப்பது வருடங்கள் கிடந்தது. சன்னல் கம்பியையே உதிர்த்துவிடும் உப்புக்காற்று இதையும் விடவில்லை.

துருவை நீக்கியதும் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான பிரெட்டுகளைத் தேய்த்து மெருகேற்றியதும் இரண்டு நாள் வேலை. நான் விரிவாகச் சொல்ல விரும்புவது பிக்கப்பைப் பற்றித்தான். பிக்கப்பின் காந்தத்துக்கு மேல் இரும்புத் தந்தி அதிரும்போது, காந்தத்தைச் சுற்றியுள்ள செம்புக் காயிலில் பிறக்கும் மிகச் சிறிய மின்சாரமே ஆம்பிளிஃபயருக்குப் போகிறது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததில் கழுத்துப் பக்கப் பிக்கப் 5.6 கிலோ ஓம் காட்டியது. தந்திகளை உடலில் தாங்கும் பிரிட்ஜின் பக்கத்துப் பிக்கப்பில் அளவே ஏறவில்லை. பிரித்தால், பச்சைக் களிம்பு ஏறிக் கம்பி உள்ளேயே அறுந்திருந்தது.

புதிய பிக்கப் வாங்கிப் பொருத்தலாம் என்றார்கள். அதன் அளவுக்கு உடல் மரத்தைக் குடைய வேண்டும். குடைந்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் நான் சம்மதிக்கவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணனிடம் கொண்டு போனேன். 0.063 மில்லிமீட்டர் கம்பியை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி ஃபேன் கம்பி கயிறு மாதிரி இருக்கே, தம்பி" என்றார். மூன்று முறை அறுந்து, நான்காம் முறை சுமார் 7,000 சுற்று முழுதாக நின்றது. சுற்றுகள் தளர்வாக இருந்தால் சத்தம் கூடும்போது கீச்சிடும் என்பதால், உருக்கிய பாரஃபின் மெழுகில், பிளாஸ்டிக் வளையாதபடி 65 டிகிரியைத் தாண்டவிடாமல், காயிலை ஊறவைத்தேன்.

நான் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. அது வெளியில் தெரியாது. புதுக் காயிலை எதிர்த்திசையில் சுற்றச் சொல்லி, திசைகாட்டியால் துருவங்களைப் பார்த்துக் காந்தத்தையும் தலைகீழாக வைத்தேன். இரண்டும் மாறுவதால் தந்தியின் ஒலி இரு பிக்கப்பிலும் ஒரே பக்கமாகச் சேர்கிறது. காந்தத்தோடு தொடர்பில்லாத 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலோ எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழிக்கிறது. 1955இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் உருவாக்கிய, இரைச்சலை அடக்கும் இரட்டைக் காயில் பிக்கப்பான ஹம்பக்கரும் இந்தக் கணக்கில்தான் வேலை செய்கிறது.

கல்யாண மேடையில் சீரியல் விளக்குகளுக்கும் டியூப்லைட்டுகளுக்கும் நடுவே, இரைச்சல் குறையும் கோணம் தேடிப் பெரியப்பா எப்போதும் பக்கவாட்டில் திரும்பியே உட்கார்ந்திருப்பாராம். என் பின்னால் இப்போது அதே போன்ற டியூப்லைட் எரிகிறது, நானும் நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் கழுத்துப் பிக்கப்பின் சுவிட்சை மட்டும் போடுகிறேன். அந்த உறுமலைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து பிரிட்ஜ் சுவிட்சையும் சேர்த்துப் போடுகிறேன்.