மூடுபனிக்குள் பக்கவாட்டில் ஒரு ஹெலிகாப்டர்

நேயர்களுக்கு வணக்கம். போர்முனை வீரம் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் துப்பாக்கி ஏந்திய வீரர்தான். எனக்கு வெகுகாலமாகப் பிடித்தவர்கள், சண்டைக்கு நடுவே இறங்கி அடிபட்டவர்களைத் தூக்கி வரும் ஹெலிகாப்டர் விமானிகள். அவர்களில் ஒருவர், வியட்நாம் போரில் பறந்த அமெரிக்க ராணுவ மேஜர் பேட்ரிக் பிரேடி.

அவர் ஓட்டியது ஹூயி ரக ஹெலிகாப்டர். செஞ்சிலுவை அடையாளம் இருந்தது. அதற்காக யாரும் சுடாமல் விட்டுவிடவில்லை என்பது வேறு விஷயம்.

அங்கே மலைப்பக்கம் மூடுபனி இறங்கிவிட்டால் பறப்பதே கஷ்டம். ஒருமுறை மலை உச்சி முகாமில் ஒரு சிப்பாயைப் பாம்பு கடித்துவிட்டது. பிரேடி ஏறப் பார்க்கிறார். எதிரே வெள்ளைத் திரை. திரும்பிவிடலாம் என்று நினைத்த நேரத்தில் காற்று ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் தள்ளியது. தற்செயலாகப் பக்கத்து ஜன்னல் வழியே பார்த்தார். சுழலும் இறக்கையின் நுனி தெரிந்தது. கீழே ஒரு மர உச்சியும் தெரிந்தது. அப்புறம் என்ன? அந்த இரண்டையும் கண்ணிலிருந்து விடாமல், பக்கவாட்டிலேயே மெதுவாக மலை ஏறிவிட்டார். ஏற்காடு மலைப்பாதையில் பனி கவிந்தால் ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சாலை ஓரத்தைப் பார்த்தே ஓட்டுவாரே, கிட்டத்தட்ட அதுதான்.

ஆனால் மெதுவாகப் போனால் சுடுபவனுக்கு வசதி. 1968 ஜனவரி 6, தென் வியட்நாமின் சூ லாய் பகுதி. பள்ளத்தாக்குப் பாதை ஒன்றின் மேலே, அதே மாதிரி பக்கவாட்டில் திரும்பி, இறக்கைக் காற்றாலேயே பனியை விலக்கிக்கொண்டு போனார். எதிரிகள் அருகிலிருந்தே சுட்டார்கள். சின்னஞ்சிறு இடத்தில் இறக்கி, காயம்பட்ட, அமெரிக்கா பக்கம் நின்று போரிட்ட தென் வியட்நாம் வீரர்கள் இருவரை ஏற்றி வந்தார்.

அடுத்த இடத்தில் எதிரி இருந்தது 50 மீட்டர் தூரத்தில். ஏற்கெனவே இரண்டு ஹெலிகாப்டர்கள் அங்கே சுட்டு வீழ்த்தப்பட்டிருந்தன. அங்கே பிரேடி நான்கு தடவை போனார், காயம்பட்ட எல்லோரையும் கொண்டுவந்தார். ஒரு தடவை துணிவது வேறு. என்ன காத்திருக்கிறது என்று தெரிந்தபின் இரண்டாவது தடவை போவது வேறு. நான் எப்போதும் சொல்வது இதைத்தான், அந்த இரண்டாவது தடவைதான் பெரிது.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். அன்றைக்கே கண்ணிவெடி வயலிலும் இறங்கினார். பக்கத்தில் ஒரு வெடி வெடித்து அவர் குழுவினர் இருவர் காயமடைந்தார்கள். இருந்தும், படுகாயமடைந்த ஆறு பேரோடு மேலே ஏறினார். ஒரே நாளில் மூன்று ஹெலிகாப்டர்கள் மாற்றினார். அவற்றில் மொத்தம் 400க்கும் மேற்பட்ட ஓட்டைகள். மீட்கப்பட்டவர்கள் 51 பேர். 1969இல் அமெரிக்க ராணுவத்தின் மிக உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் பதக்கம் கிடைத்தது.

அவருக்கு முன்னோடியான, இதே மீட்பு ஹெலிகாப்டர் விமானி மேஜர் சார்லஸ் கெல்லியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். 1964 ஜூலை 1 அன்று, காயம்பட்டவர்களை ஏற்றப் போன இடத்தில் குண்டுமழை, உடனே அங்கிருந்து கிளம்பிவிடச் சொன்னவர்களுக்கு, "உங்கள் காயம்பட்டவர்களை ஏற்றிய பிறகு" என்று பதில் சொன்னார். சற்று நேரத்தில் குண்டு பாய்ந்து இறந்தார். பிரேடி அவருக்குக் கீழே பணியாற்றியவர். நன்றி, வணக்கம்.