சலேன்டோவுக்குப் போகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

தென்னமெரிக்காவில், கொலம்பியா நாட்டின் கிந்தியோ மாகாணத்தில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது சலேன்டோ என்ற பழைய சிற்றூர். உயரம் ஏறக்குறைய 1,900 மீட்டர். நம் மாஞ்சோலையைவிட மேலே, கொடைக்கானலைவிடச் சற்றுக் கீழே. அந்த வட்டாரத்துக் காப்பி மலைகளை யுனெஸ்கோ 2011-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் பக்கத்துப் பெற்றோருக்கு அங்கிருந்து கொலம்பியா அதிக தூரமில்லை. ஆனால் போகிறவர்களில் பலர் வண்ணக் கதவுகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு அன்று மாலையே திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் வருகிறார்களே என்று வருத்தமாக இருக்கிறது. இரண்டு இரவாவது தங்குங்கள். சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். அந்த இரண்டு நாளும் தெருவில் நடக்க இடமிருக்காது.

முதலில் ஊசி. கொலம்பியாவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். இல்லாதவர்களை 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம் என்பது விதி. ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் அந்தச் சான்று செல்லும். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். 60 வயதைக் கடந்தவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரைக் கலந்துகொண்டே போட வேண்டும்.

மழை குறைவான மாதங்கள் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, பிறகு ஜூலை, ஆகஸ்ட். குற்றாலத்தில் சாரல் அடிக்கிற நாளில் அங்கே வெயில். மின்சாரம் 110 வோல்ட். போன் சார்ஜர் தாங்கும், நம் ஊர் கெட்டில் சரியாகச் சூடேறாது. அர்மேனியா என்ற நகரம் வரை விமானத்தில் போய், அங்கே பேருந்து நிலையத்தில் சலேன்டோ பஸ் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

ஊருக்குள் காயே ரியால் என்பதுதான் பெரிய தெரு. அதன் கோடியில் 200-க்கு மேற்பட்ட படிகள் ஏறினால் ஊர் முழுவதும் தெரியும். தெருவில் நடக்கும்போது வீடுகளை நின்று பாருங்கள். சுவர் பெரும்பாலும் வெள்ளைதான். சிவப்பும் நீலமும் மஞ்சளும் கதவு, சன்னல், மாடத்துக் கைப்பிடி, சுவரின் அடிப்பட்டை இவற்றில் மட்டும் இருக்கும். சுவருக்குள்ளே இருப்பது குவாதுவா என்னும் தடித்த மூங்கில். மூங்கில் சட்டம் கட்டி, இருபுறமும் பிளந்த மூங்கிலை விரித்து அடித்து, மண்ணும் குதிரைச் சாணமும் பிசைந்து பூசுவார்கள். இதற்குப் பாஹரேக்கே என்று பெயர். 1999 ஜனவரி 25 அன்று அர்மேனியாவை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சரியாகக் கட்டாத செங்கல் கட்டடங்கள் சரிந்தபோது, நன்றாகப் பேணிய பாஹரேக்கே வீடுகள் பல ஆடினாலும் விழாமல் நின்றன. மூங்கில் வளைந்து கொடுக்கும், சுவரின் கனமும் குறைவு. அதற்கு எதிரி ஈரம். முற்றாத மூங்கிலை வெட்டினால் அதிலுள்ள மாவுச்சத்துக்குப் பூச்சி வரும். மண் பூச்சின்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி மூங்கில் மக்கும். கூரை ஏன் அவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்பது மழை பெய்யும்போது புரியும்.

காப்பித் தோட்டத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். நம் மலைகளில் ஆண்டுக்கு ஓர் அறுவடை. அங்கே மழைக்காலம் இரண்டு, அதனால் பூப்பும் இரண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெரிய பறிப்பு, ஏப்ரல், மே வாக்கில் சிறிய பறிப்பு. சரிவு செங்குத்து என்பதால் எல்லாம் கைப்பறிப்புதான். 5 அல்லது 6 கிலோ பழம் பறித்தால் 1 கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். பறித்த அன்றே பல்ப்பர் என்னும் தோலுரிக்கும் இயந்திரத்தில் போட்டுத் தோல் நீக்கி, வழவழப்போடு இருக்கும் கொட்டையைத் தொட்டியில் 12 முதல் 18 மணி நேரம் புளிக்க விடுவார்கள். கையில் எடுத்துத் தேய்த்தால் வழுக்காமல் நறநறவென்றிருக்க வேண்டும். அப்போதே கழுவிவிட வேண்டும். நேரம் தவறினால் காடி நாற்றம் ஏறும், வறுத்தாலும் போகாது. பிறகு ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைப்பார்கள். சில வீடுகளில் கூரையே தண்டவாளத்தில் நகரும்; வெயிலுக்குத் திறந்து, தூறல் விழுந்தால் இழுத்து மூடுவார்கள். இதைக் கேட்டுப் பாருங்கள், சிலர் தாமாகக் காட்டமாட்டார்கள். பழத்தின் நுனியில் ஊசித்துளை தெரிந்தால் அது காய்த்துளைப்பான் என்னும் பூச்சியின் வேலை. 1988-இல் கொலம்பியாவிலும், 1990-இல் நம் கூடலூர்ப் பக்கத்திலும் கண்டறிந்தார்கள். உதிர்ந்த பழத்தைப் பொறுக்காத தோட்டத்தில் அடுத்த காய்ப்புக்கும் அது தொடரும்.

மறுநாள், மெழுகுப் பனைகள் நிற்கும் கொக்கோரா பள்ளத்தாக்கு. ஊர்ச் சதுக்கத்திலிருந்து வில்லிஸ் ஜீப் கிளம்பும், 11 கிலோமீட்டர். அதிகாலை ஜீப்பில் போங்கள், மதியத்துக்குமேல் மேகம் இறங்கி எதுவும் தெரியாது. திரும்பும் கடைசி ஜீப் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். முழுச் சுற்று நடக்க 5, 6 மணி நேரம் ஆகும். தொங்குபாலங்களில் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும், சேறு கணுக்காலைத் தாண்டும். ரப்பர் பூட்ஸ் வாடகைக்குக் கிடைக்கும். தனியார் நிலத்தைக் கடக்கக் கட்டணம் உண்டு, சில்லறை நோட்டு வைத்திருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மெழுகுப் பனைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். 60 மீட்டர் வரை, ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தளவு உயரம்! உலகிலேயே உயரமான பனை வகை, 1985 முதல் கொலம்பியாவின் தேசிய மரம். புல்வெளியில் அவை தனித்தனியாக நிற்பதற்குக் காரணம், சுற்றியிருந்த காட்டை மேய்ச்சலுக்காக வெட்டியதுதான். கன்றுகள் நிழலில்தான் பிழைக்கும். வெட்டவெளியில் வெயிலுக்கும் மாட்டுக்கும் தப்புவதில்லை. நிற்பவை எல்லாம் கிழட்டு மரங்கள்.

சைவ உணவுக்காரர்கள் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வரும். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காடோ" என்று மூன்றையும் சொல்லுங்கள். பீன்ஸ் குழம்பில் பன்றி இறைச்சி போடுவது வழக்கம், அதையும் கேளுங்கள். வாழைக்காயை நசுக்கி இருமுறை பொரித்த பத்தகோன் நம் நாக்குக்குப் பிடிக்கும். தின்தோ என்றால் பாலில்லாத கடுங்காப்பி. சில வீடுகளில் கரும்பு வெல்லம் போட்டுத் தருவார்கள், கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்தவர்களுக்குச் சிரமமிருக்காது.

கொட்டை வாங்கினால் வறுத்ததை மட்டும் வாங்குங்கள். பச்சைக் கொட்டைக்கு இங்கே தாவரத் தடுப்புக்காப்பு அனுமதி வேண்டும். பையில் வறுத்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இளவறுவல் பாலோடு சேர்ந்தால் புளிப்புத் தட்டும், அதனால் கருவறுவலாகக் கேளுங்கள். அரைக்காமல் கொண்டுவந்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் இங்கே அரைத்து, சிக்கரி கலக்காமல் ஃபில்டரில் போடுங்கள். சிக்கரி இல்லாத தூளில் தண்ணீர் வேகமாக இறங்கிவிடும். தூளைச் சற்று நைசாக அரைத்து, கொஞ்சம் கூடுதலாகவே போட வேண்டும்.

வணக்கம்.