பெங்களூர் விளக்கும் கோலார் தங்கமும்

எல்லோருக்கும் வணக்கம். ஆசியாவிலேயே முதலில் மின்விளக்கு எரிந்த ஊர் பெங்களூர்தான் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும், உங்களுக்கும் வந்திருக்கும். அதை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். ஜப்பானில் கியோத்தோ நகரம் 1891-லேயே கால்வாய்த் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்து, 1895-ல் அதில் டிராம் வண்டியே ஓட்டிவிட்டது. நம் நாட்டிலேயே டார்ஜிலிங்கில், சித்ராபோங் என்ற இடத்தில், 1897-ல் தலா 65 கிலோவாட் வீதம் இரண்டு ஜெனரேட்டர்கள் ஓட ஆரம்பித்தாயிற்று. பெங்களூரில் விளக்கு எரிந்தது 1905 ஆகஸ்ட் 5.

ஆனால் அந்தக் கரண்ட் வந்த சிவசமுத்திரத்துக்கு, காவிரி அருவியாக விழுகிற அந்த ஊருக்கு, வேறொரு பெருமை இருக்கிறது, அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. கியோத்தோவும் டார்ஜிலிங்கும் தண்ணீர் விழுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே விளக்கைப் போட்டுக்கொண்ட ஊர்கள். இங்கே தண்ணீர் விழுவது காவிரியில், கரண்ட் வேண்டியது கோலார் தங்கவயலுக்கு, நடுவில் 92 மைல், அதாவது ஏறத்தாழ 148 கிலோமீட்டர்! அன்றைக்கு உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று அது.

சிவசமுத்திரம் நமக்குப் புதிய ஊர் இல்லை. காவிரி இரண்டாகப் பிரிந்து தீவு போட்ட மூன்று இடங்களில் ரங்கநாதர் படுத்திருக்கிறார் என்பார்கள், ஸ்ரீரங்கப்பட்டணம், நம் ஸ்ரீரங்கம், இரண்டுக்கும் நடுவில் இந்த மத்தியரங்கம். அருவிக்கு மேலே ஆற்றை மறித்து, கொஞ்சம் தண்ணீரைக் கால்வாயில் திருப்பி, குன்றின் விளிம்பில் தேக்கி, அங்கிருந்து இரும்புக் குழாய்களில் ஏறக்குறைய 400 அடி கீழே இறக்கினார்கள். கீழே சுவிட்சர்லாந்திலிருந்து வந்த டர்பைன்கள், அவற்றோடு அமெரிக்க ஜெனரேட்டர்கள் ஆறு, ஒவ்வொன்றும் 720 கிலோவாட்.

சரி, அதை அவ்வளவு தூரம் எப்படி அனுப்பினார்கள்? கரண்ட் போகும்போது கம்பி சூடாகும், அந்தச் சூடு அத்தனையும் நஷ்டம். அதே சக்தியை இரண்டு மடங்கு வோல்டேஜில் அனுப்பினால் நஷ்டம் கால்வாசி ஆகிவிடும், பத்து மடங்கில் அனுப்பினால் நூறில் ஒரு பங்கு. அதனால்தான் 30,000 வோல்ட்டுக்கு மேலே ஏற்றி அனுப்பிவிட்டு கோலாரில் மறுபடி இறக்கினார்கள். இன்று சாலையோரம் பார்க்கிற ஒவ்வொரு டவர் லைனும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இவ்வளவு செலவை எந்த நம்பிக்கையில் செய்தார்கள் என்றால், தங்கத்தை நம்பித்தான். கோலாரில் கல்லை இடிப்பதும், ஆளைச் சுரங்கத்தில் இறக்கி ஏற்றுவதும் நீராவி இயந்திரங்கள், அவற்றுக்கு நிலக்கரியும் விறகும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். மைசூர் திவான் சேஷாத்ரி ஐயரும் பொறியாளர் ஜோலி டி லோத்பினியரும் சுரங்கக் கம்பெனிகளிடம் பேசி, வாங்க ஆள் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டே திட்டத்தில் இறங்கினார்கள். 1902 ஜூன் 30 அன்று கோலாருக்குக் கரண்ட் போனது. சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்கவில்லை, முந்தின செப்டம்பரில் காலமாகிவிட்டார். பெங்களூர் அதற்கப்புறம் மூன்று வருஷம் காத்திருந்தது, மைசூர் இன்னும் கொஞ்சம் கூட.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. சுரங்கத்துக்கு வருஷம் முழுக்க ஒரே அளவு கரண்ட் வேண்டும், காவிரியோ ஆடியில் பொங்கிச் சித்திரையில் மெலிகிற ஆறு. அந்தக் கோடையைச் சமாளிக்கத் தண்ணீரைத் தேக்கியாக வேண்டும், 1911-ல் கண்ணம்பாடியில் அணை (இன்றைய கிருஷ்ணராஜ சாகர்) வேலை தொடங்கியதற்குப் பாசனத்தோடு இதுவும் ஒரு காரணம். சென்னை மாகாணம் எதிர்த்தது, நடுவர் விசாரணை வரை போய், 1924-ல் ஒப்பந்தத்தில் வந்து நின்றது. காவிரிச் சண்டை என்றால் நெல்லையும் கரும்பையும் மட்டும்தான் பேசுகிறோம், தங்கத்தை மறந்துவிடுகிறோம் என்பது என் குறை. இத்தனைக்கும் டர்பைன் தண்ணீரைக் குடிப்பதில்லை. சுழற்றிவிட்டு வெளியே வந்த தண்ணீர் அப்படியே ஆற்றில் சேர்ந்து, ஒகேனக்கல்லில் இன்னொரு தடவை விழுந்து, மேட்டூருக்குத்தான் வருகிறது.