எச்சில் துப்பியவர் போட்ட ஓட்டு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

அமெரிக்கக் குடியரசின் தொடக்கத்தில் கட்சிகள் வரமா, சாபமா? வரம் என்கிறோம் நாங்கள். எதிரணி அம்மையார் என்ன சொன்னார்? "1796இல் முதல் அதிபர் வாஷிங்டன் கட்சிச் சண்டை வேண்டாம் என்று எச்சரித்தார். இரண்டே வருஷத்தில் சபையில் எச்சில் துப்பினார்கள்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். அம்மா, துப்பியதோடு கதையை நிறுத்திவிட்டீர்களே!

1798 ஜனவரி. தலைநகர் அப்போது பிலடெல்ஃபியா. பிரதிநிதிகள் சபையில் வெர்மான்ட் மாநில உறுப்பினர் மேத்யூ லயன், ஜெஃபர்சனின் எதிர்க்கட்சி. கனெக்டிகட் உறுப்பினர் ராஜர் கிரிஸ்வால்ட், ஃபெடரலிஸ்ட், அதாவது அதிபர் ஆடம்ஸின் கட்சி. சுதந்திரப் போரில் கோழை என்று லயனுக்கு மரக்கத்தி மாட்டிவிட்டார்களாம், அப்படி ஒரு பேச்சு. அதைச் சொல்லிக் குத்திக்காட்டினார் கிரிஸ்வால்ட். லயன் என்ன செய்தார்? வாதாடினாரா? புள்ளிவிவரம் சொன்னாரா? முகத்திலேயே துப்பினார்!

பின்வரிசைக்குக் கேட்டதா? துப்பினார்!

அவரை நீக்கச் சொல்லி 52 பேர், வேண்டாம் என்று 44 பேர். மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமே, ஆள் தப்பித்தார். கிரிஸ்வால்ட் சும்மா இருப்பாரா? கைத்தடியோடு வந்து, இருக்கையில் இருந்தவரை வெளுத்தார். லயன் ஓடிப்போய்க் கணப்படுப்பின் இடுக்கியைத் தூக்கினார். சட்டம் செய்கிற இடத்தில் தடியும் இடுக்கியும்! ரேஷன் கடை வரிசை தோற்றது.

அதே வருஷம், அரசைத் தாக்கி எழுதியதற்காக லயனுக்கு நான்கு மாதம் சிறை, 1000 டாலர் அபராதம். உள்ளே இருந்தபடியே தேர்தலில் ஜெயித்தார்!

1801. அதிபர் தேர்தலில் ஜெஃபர்சனுக்கும் அவர் கட்சிக்காரர் ஆரன் பர்ருக்கும் ஆளுக்கு 73 தேர்வாளர் ஓட்டு. சமநிலை, அதனால் முடிவு சபைக்கு வந்தது, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. சபையில் 35 சுற்று ஓட்டெடுத்தும் முடிவில்லை. 36ஆவது சுற்றில் வெர்மான்ட் ஓட்டு ஜெஃபர்சனுக்கு. போட்டது யார்? துப்பினாரே, அவரேதான்! ஆட்சி கட்சி விட்டுக் கட்சி மாறியது. துப்பினார்கள் அம்மா, ஆட்சிக்காகத் துப்பாக்கி எடுக்கவில்லை. (பர், ஃபெடரலிஸ்ட் தலைவர் ஹாமில்டனைச் சுட்டது 1804இல். அதை எதிரணிக்கு நான் எடுத்துக்கொடுக்கப் போவதில்லை.)

சரி, தோற்ற ஆடம்ஸ்? பதவியேற்பு நாளில் விடியுமுன்பே ஊரைவிட்டுப் போய்விட்டார். பழைய சிநேகிதன் ஜெஃபர்சனோடு வருஷக்கணக்கில் பேச்சில்லை. 1812 புத்தாண்டு அன்று அவரே முதல் கடிதம் போட்டார். அப்புறம் 14 வருஷம் கடிதம்தான்.

1826 ஜூலை 4. சுதந்திரப் பிரகடனத்துக்கு 50 வயது, ஆடம்ஸுக்கு 90. மாசசூசெட்ஸில் சாகக் கிடக்கிறார். ஜெஃபர்சன் இன்னும் இருக்கிறார் என்று கடைசியில் முணுமுணுத்தாராம். வர்ஜீனியாவில் ஜெஃபர்சன் அன்று மதியமே போய்விட்டார். அந்தக் கிழவருக்கு யார் போய்ச் சொல்வது?

மணி அடிக்கிறது. வணக்கம்.