ஆறு கஜ வட்டம்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் பெரியவர்கள் இல்லாத ஒரு மதியத்தை நினைத்துப் பாருங்கள். அம்மா கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், அப்பா வேலைக்கு. முதல் அரைமணி நேரம் ஒரே கொண்டாட்டம். பிறகு அண்ணன்காரன் தம்பியை அடிக்கக் கை ஓங்குவான். "அம்மா வரட்டும், சொல்றேன்!" என்று ஒரு குரல் வரும். ஓங்கிய கை இறங்கிவிடும். அம்மா அந்நேரம் பத்து மைல் தள்ளிப் பந்தியில் உட்கார்ந்திருப்பார். கையை இறக்கியவர் அவர்தான்.

வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' 1954இல் வந்த நாவல். கல்லூரியில் அதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் இந்த மதியத்திலிருந்துதான் தொடங்குவேன். போர் நடக்கிறது. இங்கிலாந்துப் பையன்களை ஏற்றிவந்த விமானம் தாக்கப்பட்டு, ஆளில்லாத தீவில் விழுகிறது. பிழைத்தவர்களில் பெரியவர் ஒருவரும் இல்லை. அது தெரிந்ததும் ரால்ஃப் என்ற பையன் சந்தோஷத்தில் தலைகீழாக நிற்கிறான். பிக்கி என்று கேலிப்பெயர் வாங்கிய குண்டுப் பையனுக்கோ கவலை. மிட்டாய்க்கடை வைத்திருக்கும் அவனுடைய ஆன்ட்டி அப்படிச் சொல்வார், இப்படிச் சொல்வார் என்று வாய்க்கு வாய் அவர் பேச்சுத்தான்.

இனி நான் சொல்லப்போகும் காட்சியைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். நாவலில் ஒன்றிரண்டு பக்கம்தான் வரும். ஹென்றி என்ற பொடியன் கடலோரம் குந்தியிருக்கிறான். அலை கொண்டுவரும் கண்ணாடி போன்ற குட்டிப் பூச்சிகளைக் குச்சியால் அங்குமிங்கும் ஓட்டி விளையாடுகிறான். பனைமரம் போன்ற ஒரு மரத்தின் பின்னால் ரோஜர் ஒளிந்து நிற்கிறான், வயதில் பெரியவன். ஒரு கல்லை எடுத்து எறிகிறான். கல் ஹென்றியைத் தாண்டித் தண்ணீரில் விழுகிறது. பிறகு கை நிறையக் கல் பொறுக்கிக்கொண்டு எறிகிறான். ஒன்றுகூட மேலே படவில்லை. குறி தப்பவில்லை, நேயர்களே, வேண்டுமென்றே தள்ளித் தள்ளி எறிகிறான். ஹென்றியைச் சுற்றிச் சுமார் ஆறு கஜம் குறுக்களவுள்ள ஒரு வட்டம். அதற்குள் கல் போட ரோஜருக்குத் துணிச்சல் வரவில்லை. பெற்றோர், பள்ளிக்கூடம், போலீஸ், சட்டம் எல்லாம் சேர்ந்து அந்தக் குழந்தையைக் காத்து நிற்பதாக கோல்டிங் எழுதுகிறார்.

பெரியவர்கள் இல்லாத தீவு என்று எல்லோரும் சொல்கிறோமே, அவர்கள் அந்த ஆறு கஜத்தில் இருக்கிறார்கள். திரும்பவும் சொல்கிறேன், அந்த ஆறு கஜத்தில் இருக்கிறார்கள். நாவல் முழுக்க நடப்பது அந்த வட்டம் நாளுக்கு நாள் சுருங்குவதுதான். பின்னால் இதே ரோஜர் பாறையை நெம்பித் தள்ளும்போது வட்டம் என்று ஒன்றும் மிச்சமில்லை. பாறை பிக்கியின் உயிரைக் கொண்டுபோகிறது.

கோல்டிங் இதைக் கற்பனையில் மட்டும் பிடித்தவர் அல்ல. சாலிஸ்பரியில் பையன்கள் படிக்கும் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் இருந்தவர். 1944இல் நார்மண்டியில் படைகள் இறங்கியபோது அங்கே இருந்தார். வகுப்பறையையும் பார்த்தார், பெரியவர்களின் போரையும் பார்த்தார்.

அதனால்தான் இன்னொரு இடமும் என்னை விடுவதில்லை. ஓர் இரவு, இருட்டுக்குப் பயந்துபோன பையன்கள் பெரியவர்களுக்காக ஏங்குகிறார்கள். பெரியவர்கள் என்றால் உட்கார்ந்து டீ குடித்துப் பேசித் தீர்த்துவிடுவார்களாம். அவர்களிடமிருந்து ஏதாவது தகவல் வராதா என்கிறான் ரால்ஃப். வருகிறது. அன்றிரவே, வானத்தில் நடந்த சண்டையிலிருந்து பாராசூட்டில் ஒரு பிணம் இறங்கி மலையுச்சியில் விழுகிறது. அதைத்தான் பையன்கள் பூதம் என்று எண்ணி நடுங்குகிறார்கள்.

கடைசியில் கரைக்கு வரும் கடற்படை அதிகாரியைப் பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரம் நெருங்கிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்கிறேன், இது கதையல்ல, நிஜமாக நடந்தது. 1965இல் டோங்கா நாட்டுப் பையன்கள் 6 பேர், விடுதிப் பள்ளியிலிருந்து படகில் கிளம்பிப் புயலில் சிக்கி, ஆட்டா என்ற தீவில் ஒதுங்கினார்கள். 15 மாதம் இருந்தார்கள். ஊரில் கற்ற பிரார்த்தனையை அங்கேயும் விடவில்லை. மூட்டிய தீயை அணையவிடவில்லை. ஒருவன் விழுந்து காலை முறித்துக்கொண்டான். மற்றவர்கள் குச்சியும் இலையும் வைத்துக் கட்டி, அவன் பங்கு வேலையையும் தாங்களே பார்த்தார்கள். 1966இல் மீட்கப்பட்டபோது அந்தக் கால் நன்றாகக் கூடியிருந்தது.

வணக்கம்.